புகலிட வழக்குக்கு எதில் பயிற்சி வேண்டும்? பிரிட்டனின் ஈழத்தமிழர் வழக்குகளை முன்வைத்து

1. கேள்வி

பிரிட்டனில் புகலிடச் சட்டம் படிக்கத் தொடங்கும் எவரும் சில வாரங்களுக்குள்ளேயே தமிழ்ப் பெயர்களைச் சந்தித்துவிடுவார். ஒருவருடைய அச்சம் நியாயமானதா என்பதை எப்படி அளப்பது என்பதற்குச் சிவகுமாரன் வழக்கு (1987). பாதி நிறுவப்பட்ட, பாதி நிறுவப்படாத சான்றுகளை எப்படி எடைபோடுவது என்பதற்குக் கருணாகரன் வழக்கு (2000). உடலில் உள்ள தழும்பைப் பற்றி மருத்துவர் எவ்வளவு தூரம் கருத்துச் சொல்லலாம் என்பதற்குக் கே.வி. வழக்கு (2019). ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலோ வில்வராஜா வழக்கு (1991), என்.ஏ. வழக்கு (2008). போரிலிருந்து தப்பி வந்தவர்களின் வழக்குகளே அந்நாட்டுச் சட்ட மாணவர்களின் பாடமாகியிருக்கின்றன.

இக்கட்டுரையின் கேள்வி அந்தப் பாடத்தைப் பற்றியது. புகலிடம் கோருபவருக்காக வழக்கை நடத்த முன்வருபவர் எதில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்? இன்று நடைமுறையில் உள்ள தேர்வுகளும் அங்கீகாரங்களும் அந்தப் பயிற்சியைத் தருகின்றனவா? தேர்வுகள் சட்டம் தெரிந்தவர் யார் என்பதை ஓரளவு காட்டிவிடுகின்றன. ஆனால் புகலிட வழக்குகளில் பெரும்பாலானவற்றின் தலைவிதி சட்டப் பிரிவுகளால் தீர்மானிக்கப்படுவதில்லை. கட்சிக்காரர் சொல்வதை நம்பலாமா என்ற ஒரே இடத்தில்தான் அவை நிற்கின்றன அல்லது விழுகின்றன. ஆகவே கதையைப் பொறுமையாகக் கேட்டு, சோதித்து, எழுத்தில் நிறுத்தும் திறனே இத்தொழிலின் மையம் என்பதும், அது மூத்தவரின் மேற்பார்வையில் மட்டுமே வளரும் என்பதும் என் வாதம். பிரிட்டனில் அந்த மேற்பார்வைக்கு இடமளித்த நிறுவனங்களே முதலில் அழிந்தன.

2. ஒழுங்குமுறை வந்த வழி

1999க்கு முன் பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை சொல்ல எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை. கணக்கர், பயண முகவர், ஊர்ச் சங்கத்துச் செயலாளர் என யாரும் படிவம் நிரப்பிப் பணம் வாங்கலாம். ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரிந்த ஒரு தெரிந்தவரே 'கேஸ்' எழுதிக் கொடுத்த கதை புலம்பெயர்ந்த தமிழர் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. மறுபக்கம், நேர்மையாகவும் ஆழமாகவும் வேலை செய்த அமைப்புகளும் இருந்தன. குடிவரவாளர் ஆலோசனைச் சேவை 1970இல் தோன்றியது. குடிவரவுச் சட்ட வழக்கறிஞர்களின் சங்கமான இல்ப்பா 1984இல் உருவாகிப் பயிற்சி வகுப்புகளைத் தன் முக்கியப் பணியாக்கிக்கொண்டது. அகதிகள் சட்ட மையம் 1990களின் தொடக்கத்தில் வந்தது.

1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. தகுதி பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றமாயிற்று. 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குடிவரவுச் சேவைகள் ஆணையர் அலுவலகம் நிறுவப்பட்டது; 2025 ஜனவரியில் அதன் பெயர் குடிவரவு ஆலோசனை ஆணையம் என மாறியது. அது ஆலோசகர்களை 3 நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் இருப்பவர் எளிய உதவிகளோடு நின்று, புகலிடக் கோரிக்கையை மேல்நிலையில் உள்ளவரிடம் அனுப்பிவிட வேண்டும். இரண்டாம் நிலையில் வழக்குப் பணி. மூன்றாம் நிலையில் தீர்ப்பாயத்தில் வாதாடும் உரிமை.

சொலிசிட்டர்களும் பாரிஸ்டர்களும் தத்தம் தொழில் அமைப்புகளின் கண்காணிப்பில் இருப்பதால் இந்த ஆணையத்தின் தேர்வு அவர்களுக்குத் தேவையில்லை. அரசின் சட்ட உதவி நிதியில் குடிவரவு, புகலிட வழக்கு நடத்த விரும்பினால் மட்டும் சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியின் தனி அங்கீகாரத்தைப் பெற வேண்டும். அந்த அங்கீகாரத்துக்கும் பயிற்சிநிலையிலிருந்து மூத்த வழக்குப் பணியாளர் வரை படிகள் உண்டு. அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவும் வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கட்சிக்காரரிடமே கட்டணம் வாங்கும் சொலிசிட்டருக்கு அந்தத் தனி அங்கீகாரம் கட்டாயமில்லை. நேற்றுவரை வீடு விற்பனைப் பத்திரம் எழுதியவர் இன்று புகலிட வழக்கை எடுத்தால் சட்டம் தடுக்காது. சட்ட உதவியை எங்கே பெறுவதென்று தெரியாமல், நகையை அடகு வைத்தும் சீட்டுப் பணத்தை எடுத்தும் 'லோயருக்கு' கட்டுகிற ஈழத்தமிழர் பலர் இந்த ஓட்டைக்குள்தான் விழுகிறார்கள். காசு கொடுத்தால் நல்ல வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இங்கே நேர் எதிராகவும் முடியலாம்.

3. தரம் ஏன் குறைகிறது?

புகலிட வழக்குகளில் சட்டப் பணியின் தரம் சீராக இல்லை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. காரணம் என்ன என்பதில்தான் வேறுபாடு.

ஒழுங்குமுறை அமைப்புகளின் பார்வையில் இது தகுதிக் குறைபாடு. தேர்வைக் கடினமாக்கு, தகுதியற்றவரை வெளியேற்று, தொடர்கல்வியைக் கட்டாயமாக்கு என்பது அவற்றின் மருந்து. பயனில்லாத மருந்தென்று இதைத் தள்ள முடியாது. போலி ஆலோசகர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற 1999 சட்டம் இல்லாமல் முடிந்திருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஜோ வைல்டிங்கிடமிருந்து வந்தது. பாரிஸ்டராக இருந்து ஆய்வாளரானவர் அவர். 2019இல் வெளியான அறிக்கையிலும் 2021இல் வந்த 'தி லீகல் எய்ட் மார்க்கெட்' நூலிலும் அவர் காட்டுவது பொருளாதாரத்தை. ஒரு வழக்குக்கு இவ்வளவுதான் என்று நிலைத்த கட்டணம் வைத்தால், நன்றாக வேலை செய்பவர் ஒவ்வொரு வழக்கிலும் நட்டப்படுவார். அரைகுறையாகச் செய்பவர் லாபம் காண்பார். எல்லோரும் தேர்வில் தேறியவர்களாகவே இருந்தாலும் இந்த ஏற்பாடு நல்லவர்களைத்தான் முதலில் களத்தைவிட்டுத் துரத்தும்.

வைல்டிங் சொல்வது பெருமளவுக்குச் சரி. 2007இல் தொடங்கிய நிலைத்த கட்டண முறையில் புகலிடக் கோரிக்கையின் முதல் கட்டத்துக்கு 459 பவுண் வைத்தார்கள். 2011இல் அதில் 10 விழுக்காட்டை வெட்டி 413 ஆக்கினார்கள். விலைவாசி ஏறிக்கொண்டே போக அந்தத் தொகை ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றது. ஆனால் பணம் போதுமான அளவு வந்துவிட்டால் திறன் தானாக வந்துவிடுமா? வைல்டிங்கின் விளக்கம் நல்ல வேலை எது என்று தெரிந்தவருக்கே அதைச் செய்ய வாய்ப்பில்லை என்பதைக் காட்டுகிறது. நல்ல வேலை எதுவென்று ஒருவர் எங்கே, யாரிடம் கற்றுக்கொள்கிறார் என்பது தனிக் கேள்வி.

அதற்கு நெருங்கி வருபவர் மானிடவியலாளர் அந்தோணி குட். தமிழ் வாசகர்களில் சிலருக்கு அவரைக் கழுகுமலைக் கோயில் பற்றிய ஆய்வாளராகத் தெரிந்திருக்கும். தெற்குத் தமிழகத்தில் களப்பணி செய்து உறவுமுறைகளையும் சடங்குகளையும் எழுதியவர், பின்னர் பிரிட்டன் தீர்ப்பாயங்களில் இலங்கைத் தமிழர் வழக்குகளுக்கு நிபுணர் அறிக்கை எழுதினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது 2007இல் வெளியான அவருடைய புகலிட நீதிமன்றங்கள் குறித்த நூல். 'உண்மைச் செய்தி' என்று வழக்கறிஞர் கருதுவதும் மானிடவியலாளர் கருதுவதும் ஒன்றல்ல என்பதை அவர் விரிவாகக் காட்டுகிறார். வழக்கறிஞருக்கு வேண்டியது தேதி, இடம், எண்ணிக்கை. ஒருவர் தன் வாழ்க்கையை எந்த ஒழுங்கில் நினைவில் வைத்திருக்கிறாரோ அந்த ஒழுங்கிலேயே அதைப் புரிந்துகொள்ள முயல்பவர் மானிடவியலாளர். புகலிட வழக்குப் பணியாளருக்கு இரண்டும் கைவர வேண்டும் என்பதுதான் நூலை மூடிவைத்தபின் எனக்குத் தோன்றியது.

4. வழக்குகளிலிருந்து எதைப் படிக்கிறோம்?

சிவகுமாரன் வழக்கிலிருந்தே தொடங்கலாம். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தது அந்நாளில் பெரும் செய்தி. விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1000 பவுண் அபராதம் என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது. அந்தச் சூழலில்தான் 6 தமிழர்களின் வழக்கு, அன்று நாட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்குச் சென்றது. அஞ்சுபவரின் மனநிலை மட்டும் போதாது, துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்கிறதா என்பதைப் புறநிலையாகப் பார்க்க வேண்டும் என்று 1987 டிசம்பரில் சபை தீர்த்தது. தமிழர்கள் தோற்றார்கள். 1988 பிப்ரவரியில் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

பயிற்சிக் குறிப்புகளில் இவ்வழக்கு வழக்கமாக இந்த ஒற்றை அளவுகோலாகவே வருகிறது. பிறகு நடந்ததை அதிகம் பேசுவதில்லை. அன்றைய சட்டப்படி நாட்டைவிட்டு வெளியேறிய பிறகே மேல்முறையீடு செய்ய முடியும். அவர்களுக்காக அப்படி முறையீடு செய்யப்பட்டது. ஒரு முறையீட்டு நடுவர் சான்றுகளை விரிவாகக் கேட்டு, அவர்களுடைய அச்சம் நியாயமானதே என்று 1989 மார்ச்சில் முடிவு செய்தார். அதே ஆண்டில் அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்களில் சிலர் இலங்கையில் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தார்கள். இதே மனிதர்களில் ஐவர் தொடுத்ததுதான் வில்வராஜா வழக்கு. 1991இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதில் பிரிட்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

மூன்று மன்றங்கள், ஒரே மனிதர்கள். பிரபுக்கள் சபை வகுத்த அளவுகோல் 1989இல் மாறிவிடவில்லை. நடுவர் முன் வேறாக இருந்தவை சான்றின் அளவும் அதை ஒவ்வொரு மனிதருக்கும் தனித்தனியாகக் கேட்ட முறையும்தான். ஒரு பயிற்சியாளர் இந்த வழக்கை எடுத்துக்கொண்டு முழு நாள் பாடம் நடத்தலாம். அளவுகோலைச் சொல்ல 10 நிமிடம் போதும். நடுவர் முன் வைக்கப்பட்டவை எப்படித் திரட்டப்பட்டன என்பதற்கு மிச்ச நாள் முழுதும் வேண்டும்.

கருணாகரன் வழக்கு இந்தப் பாடத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. வடக்கிலிருந்து வந்த தமிழர் கொழும்பில் போய் வாழலாமே, அது அவருக்கு மிகக் கடுமையானதாக இருக்குமா என்பதே அங்கே பிரச்சினை. நிகழ்தகவுச் சமநிலையில் நிரூபிக்கப்படாத ஒரு செய்தியை 'நிரூபணம் இல்லை' என்று ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் பார்ப்பது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 ஜனவரியில் சொன்னது. ஐயத்துக்குரியவை, பாதி உறுதியானவை, உறுதியானவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, அதனதன் எடையைக் கொடுத்து, எதிர்காலத்தில் என்ன நடக்கக்கூடும் என்று பார்க்க வேண்டும். நீதிபதிக்குச் சொல்லப்பட்ட இந்த அறிவுரையை வழக்குப் பணியாளருக்குரியதாகவும் படிக்கலாம். சிறிய, நிச்சயமில்லாத செய்திக்கும் எடை உண்டென்றால், அதைக் கேட்காமல் விட்டது வழக்கையே பலவீனமாக்கியது என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரர் கைது செய்யப்பட்டது, கிராம சேவகர் வந்து விசாரித்தது, தங்கையின் பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்து கேட்டது முதலியவற்றைக் கட்சிக்காரர் தாமாகச் சொல்லமாட்டார். முக்கியமில்லை என்று நினைத்திருப்பார்.

கே.வி. வழக்கில் மனித உடலே சான்று. பழுக்கக் காய்ச்சிய உலோகக் கம்பிகளால் சுட்ட தழும்புகள் அவருடைய கையிலும் முதுகிலும் இருந்தன. கையில் சுட்டபோது நினைவோடு இருந்தேன், முதுகில் சுட்டபோது மயங்கிக் கிடந்தேன் என்றார் அவர். கைத் தழும்புகளின் ஓரங்கள் தெளிவற்றும் முதுகுத் தழும்புகளின் ஓரங்கள் கோடு போட்டது போலவும் இருந்ததை மருத்துவர் கவனித்தார். நினைவோடு இருப்பவர் துள்ளுவார், மயங்கியவர் துள்ளமாட்டார். அவருடைய கூற்றோடு இது பொருந்தியது. மேல் தீர்ப்பாயமோ இதே தெளிவான ஓரங்களைக் காட்டி, மயக்க மருந்து கொடுத்து வேறொருவர் மூலம் தானே ஏற்படுத்திக்கொண்டிருக்கலாம் என்ற முடிவை நோக்கிப் போனது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள், தழும்பு எப்படி வந்தது என்ற கூற்றின் நம்பகத்தைப் பற்றி மருத்துவர் வரம்பு மீறிப் பேசிவிட்டதாகக் கண்டார்கள். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. காயம் சொல்லப்பட்ட விதத்தில் ஏற்பட்டதா என்பதில் மருத்துவர் கருத்துச் சொல்வது முறையே என்றும், பொய்யான புகலிடக் கோரிக்கைக்காகத் தன் உடலை இப்படிச் சுட்டுக்கொள்பவர் மிக அரிதாகவே இருக்க முடியும் என்றும் வில்சன் பிரபு எழுதினார்.

அந்த மருத்துவ அறிக்கைக்குப் பின்னால் ஒரு பயிற்சி மரபு இருக்கிறது. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் வகுக்கப்பட்டு 2022இல் திருத்தப்பட்டது. ஒரு காயம் சொல்லப்பட்ட காரணத்தோடு பொருந்தாது, பொருந்தும், மிகவும் பொருந்தும், அக்காரணத்துக்கே உரிய தோற்றம், ஐயமின்றி அதனால்தான் என்று 5 படிகளில் மருத்துவர் கணிக்கிறார். மாற்றுக் காரணங்களையும் அவரே எழுப்பிப் பார்க்க வேண்டும். கே.வி. வழக்கில் தலையிட்ட 'பிரீடம் பிரம் டார்ச்சர்' அமைப்பை 1985இல் ஹெலன் பாம்பர் தொடங்கினார். அங்கே மருத்துவர்களுக்கு இதற்கெனத் தனிப் பயிற்சி உண்டு. அறிக்கை வெளியே போகுமுன் மற்றொரு கண் அதைப் பார்க்கிறது. மருத்துவ அறிக்கைக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, அந்த அறிக்கைக்கே அடிப்படையான வாக்குமூலத்தை எழுதும் வழக்குப் பணியாளருக்கு இல்லை. இது என்னைத் தொடர்ந்து உறுத்துகிறது.

5. வாக்குமூலம் என்னும் கைவேலை

தெளிவுக்காக நானே கட்டிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். முல்லைத்தீவைச் சேர்ந்த ஒருவர். வந்து இறங்கியதும் நடக்கும் முதல் நேர்காணலில் எப்போது பிடித்தார்கள் என்று கேட்கிறார்கள். "வற்றாப்பளைப் பொங்கல் முடிஞ்சு ரெண்டாம் கிழமை. அக்காவின்ர பிள்ளைக்கு முப்பத்தொண்டு கழிச்சு நாலு நாள்." மாதம் சொல்லுங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் வற்புறுத்துகிறார். ஐந்தாம் மாதமாக இருக்கும் என்கிறார். பதிவில் 'மே' என்று ஏறுகிறது. பல மாதம் கழித்து முழு நேர்காணலில் அவர் ஜூன் என்கிறார். மறுப்புக் கடிதத்தில் ஒரு பத்தி: கைது செய்யப்பட்ட மாதத்தையே முரணாகச் சொன்னதால் கைது நடந்ததாக நம்ப முடியவில்லை.

சட்டம் தெரிந்த, ஆனால் பயிற்சி போதாத பணியாளர் வாக்குமூலத்தில் 'ஜூன்' என்று திருத்தி, முதலில் பதற்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு வரி சேர்ப்பார். பயிற்சி பெற்றவர் வேறு வழியில் போவார். வைகாசியில் வரும் கண்ணகி அம்மன் பொங்கல் அந்த ஆண்டு எந்த நாளில் வந்தது என்று பார்ப்பார். அக்காவின் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை ஊரிலிருந்து வரவழைப்பார். பிறந்த நாளிலிருந்து 31ஆம் நாளும் அதற்கு மேல் 4 நாளும் எண்ணிப் பார்த்து, பொங்கலிலிருந்து எண்ணிய கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பார். ஒத்துப்போகாவிட்டால் கட்சிக்காரரிடம் திரும்பப் போவார். ஒத்துப்போனால், அந்த நாள் தனக்கு எப்படி நினைவிருக்கிறது என்பதைக் கட்சிக்காரரின் சொற்களிலேயே வாக்குமூலத்தில் எழுதுவார். முதல் நேர்காணல் பதிவு கைக்கு வந்த உடனேயே திருத்தக் கடிதம் அனுப்பியிருப்பார், மறுப்பு வரும்வரை காத்திருக்கமாட்டார். இரண்டு சுயேச்சையான கணக்குகள் ஒரே வாரத்தில் வந்து நிற்கிற கூற்றை மறுப்பது கடினம்.

இதில் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் வழக்கு இங்கேதான் இருக்கிறது.

நினைவைப் பற்றிய அறிவியலும் இதற்குத் துணை. ஜேன் ஹெர்லிகியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொசோவோவிலிருந்தும் பொஸ்னியாவிலிருந்தும் வந்த 39 அகதிகளை இருமுறை நேர்கண்டார்கள். ஏற்கெனவே பாதுகாப்புக் கிடைத்துவிட்டதால் பொய் சொல்ல அவர்களுக்குக் காரணமில்லை. இருந்தும் இரண்டு நேர்காணல்களுக்கிடையே முரண்பாடுகள் சாதாரணமாக இருந்தன. நிகழ்ச்சியின் மையத்தைவிட ஓரத்து விவரங்களில் முரண் அதிகம். மன அதிர்ச்சியின் பாதிப்புக் கூடுதலாக உள்ளவர்களுக்கு, நேர்காணல்களுக்கிடையே காலம் நீள நீள முரணும் கூடியது. முரண்பாட்டை வைத்தே பொய்யென்று முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது அறிவியல் சான்று. ஆனால் இந்த ஆய்வை வாதத்தில் மேற்கோள் காட்டுவது ஒன்று. இதை அறிந்து, ஓரத்து விவரத்தைக் கட்சிக்காரர் வாயில் திணித்து எழுதாமல் இருப்பது மற்றொன்று. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிற துணிச்சல் இளைய பணியாளருக்கு எளிதில் வருவதில்லை. எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தால்தான் வழக்கு வலுவாக இருக்கும் என்று அவர் நினைக்கிறார்.

அச்சில் வார்த்த வாக்குமூலம் இன்னொரு நோய். 2013இல் வந்த ஜி.ஜே. நாட்டு வழிகாட்டுத் தீர்ப்பு, போருக்குப் பிந்தைய இலங்கையில் யாருக்கு ஆபத்து என்பதை வகைப்படுத்தியது. புலம்பெயர் நாடுகளில் தனிநாட்டு அரசியலில் குறிப்பிடத்தக்க பங்கு வகிப்பவராகக் கருதப்படுவோர், பத்திரிகையாளர், மனித உரிமைச் செயற்பாட்டாளர், விமான நிலையத்தில் தடுத்து வைக்கும் பட்டியலில் பெயர் உள்ளோர் முதலியோர் அந்த வகைகளில் அடங்குவர். 2021இல் கே.கே., ஆர்.எஸ். தீர்ப்பு இதை மேலும் விளக்கியது. இத்தகைய தீர்ப்புகளை வகைகளின் பட்டியலாக மட்டுமே படித்தவர், கட்சிக்காரரின் வாழ்க்கையை அந்தப் பெட்டிகளுக்குள் அடைப்பார். ஊர்வலத்தில் எடுத்த புகைப்படங்களை இணைத்து, 'குறிப்பிடத்தக்க பங்கு' என்று தீர்ப்பின் சொற்களையே கட்சிக்காரர் வாயில் வைப்பார். குறுக்கு விசாரணையில் அவர் திக்கித் திணறும்போது அந்த வழக்கோடு அவருடைய உண்மையான கதையும் சேர்ந்து சாகிறது. என்.ஏ. வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இதற்கு நேர் எதிரான அணுகுமுறை. தனித்தனியாகப் பார்த்தால் சிறியவையாகத் தோன்றும் காரணிகள் சேர்ந்து ஆபத்தை உண்டாக்கலாம், அவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது அது.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணியாளர் கேட்கும் கதை முழுவதும் அவர் வழியாகவே வருகிறது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்தவருக்கு வன்னிப் பேச்சும் அதன் நாள்கணக்கும் புரியாமல் போகலாம். யாழ்ப்பாணத்துக்காரருக்குப் புரியும், ஆனால் அவர் எந்தக் குடும்பம், எந்த இயக்கத்தின் பக்கம் என்ற ஐயத்தில் கட்சிக்காரர் வாய் திறக்காமல் இருக்கலாம். பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண், தன் ஊர் ஆண் ஒருவர் முன்னால் ஒருபோதும் பேசமாட்டாள். ஆணுக்கும் இது பொருந்தும். இதை முன்கூட்டியே உணர்ந்து மொழிபெயர்ப்பாளரை மாற்றுவதும், எழுதிய வாக்குமூலத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவதும் வகுப்பறைப் பாடத்தால் மட்டும் வருவதல்ல.

6. பயிற்சிக்களங்கள் மூடியபோது

இத்தகைய வேலையை ஒருவர் எப்படிக் கற்றார்? மூத்தவர் அருகில் அமர்ந்து அவர் கேள்வி கேட்பதைப் பார்த்து. தான் எழுதிய வாக்குமூலம் சிவப்பு மையோடு திரும்பி வருவதைப் பார்த்து. தோற்ற வழக்கின் தீர்ப்பை மூத்தவரோடு சேர்ந்து படித்து. பெரிய அமைப்புகளில் இது இயல்பாகவே நடந்தது. பின்னாளில் அகதிகள் மற்றும் குடிவரவாளர் நீதி என்று பெயர் மாறிய அகதிகள் சட்ட மையமும், குடிவரவாளர் ஆலோசனைச் சேவையும் தலைமுறை தலைமுறையாகப் பணியாளர்களை வளர்த்தெடுத்தன. அங்கே பயின்றவர்கள் பிறகு தனி அலுவலகங்களுக்கும் நீதிபதி இருக்கைகளுக்கும் சென்றார்கள்.

2010 ஜூனில் முதல் அமைப்பு மூடப்பட்டது. வழக்கின் கட்டம் முடிந்த பிறகே சட்ட உதவிப் பணம் கிடைக்கும் என்ற விதி அதைப் பணப்புழக்கம் இல்லாமல் திணறவைத்திருந்தது. 2011 ஜூலையில் இரண்டாவது அமைப்பும் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே நாளில் அநாதையாயின. கோப்புகள் எப்படியோ வேறு அலுவலகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மேற்பார்வை மரபுக்கு அப்படி மாற்றிடம் கிடைக்கவில்லை. 2013 ஏப்ரலில் புகலிடம் அல்லாத குடிவரவு வழக்குகளில் பெரும்பகுதி சட்ட உதவியிலிருந்தே நீக்கப்பட்டது. இளைஞர் ஒருவர் எளிய வழக்குகளில் கைப்பழகி, பிறகு புகலிட வழக்குக்கு ஏறும் படிக்கட்டும் அதோடு உடைந்தது.

அதற்கு முன்பே, 2004இல், வயது வந்தவர்களின் உள்துறை நேர்காணலில் சட்டப் பிரதிநிதி உடனிருப்பதற்கான நிதியை நிறுத்திவிட்டார்கள். கட்சிக்காரர் தன் வாழ்வின் மிக முக்கியமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அறையில், அவரை அதற்குத் தயார்ப்படுத்திய பணியாளர் இருப்பதில்லை. தான் செய்த தயாரிப்பு எப்படிப் பலித்தது என்று அவர் நேரில் காண்பதில்லை, எழுத்துப் பதிவில்தான் காண்கிறார். தன் பிழையைக் கண்ணால் பார்க்காதவர் எப்படித் திருந்துவார்? ஐரோப்பிய ஒன்றியம் தன் புகலிட அலுவலர்களுக்கு நேர்காணல் நுட்பத்திலும் சான்று மதிப்பீட்டிலும் தனித்தனிப் பயிற்சித் தொகுதிகளை வகுத்து வைத்திருக்கிறது. கேள்வி கேட்பவருக்கு அத்தகைய பயிற்சி வேண்டும் என்றால், கேட்கப்படுபவருக்குத் துணை நிற்பவருக்கு அது இன்னும் வேண்டும்.

7. 2022க்குப் பின்

2022ஆம் ஆண்டின் குடியுரிமை மற்றும் எல்லைகள் சட்டம், சிவகுமாரனும் கருணாகரனும் கட்டிய கட்டமைப்பில் கைவைத்தது. 2022 ஜூன் 28 முதல் செய்யப்படும் கோரிக்கைகளுக்கு அதன் 32ஆம் பிரிவு பொருந்துகிறது. துன்புறுத்தலுக்குக் காரணமாகக்கூடிய அடையாளம் ஒருவருக்கு உண்டு அல்லது உண்டெனக் கருதப்படுகிறது என்பதையும், அவர் உண்மையிலேயே அஞ்சுகிறார் என்பதையும் இனி நிகழ்தகவுச் சமநிலையில் நிறுவ வேண்டும். எதிர்கால ஆபத்துக்கு மட்டும் பழைய, தாழ்ந்த அளவுகோல் தொடர்கிறது. இந்த இரண்டு படிகளையும் எப்படிக் கையாள்வது என்று மேல் தீர்ப்பாயம் 2024இல் ஜே.சி.கே. வழக்கில் வழிகாட்டியிருக்கிறது.

புதிய பிரிவைப் பயிற்சி வகுப்புகள் விரைவாகவே பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டன. அதுவல்ல கடினம். முன்பு பாதி உறுதியான செய்தியும் ஒட்டுமொத்தத்தில் தன் எடையைப் பெற்றது. இப்போது முதற்படியில் 50 விழுக்காட்டைத் தாண்டாத கோரிக்கை, அகதிகள் உடன்படிக்கையின்கீழ் அங்கேயே நின்றுவிடும். புலிகளோடு தொடர்புள்ளவராகத் தன்னை இராணுவம் கருதியது என்பதை ஒருவர் எதைக் கொண்டு நிறுவுவார்? கைது செய்தவர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. காசு கொடுத்து வெளியே எடுத்ததற்கு ரசீது இல்லை. எஞ்சியிருப்பது அவருடைய சொல், அதைச் சுற்றித் திரட்டக்கூடிய சிறு சிறு துணைச்சான்றுகள். பொங்கல் நாளும் பிறப்புச் சான்றிதழும் போன்றவை முன்பு வழக்குக்கு வலுச் சேர்த்தன. இனி வழக்கே அவற்றின் மேல்தான் நிற்கும். சட்டம் கடினமாகக் கடினமாக, சட்டமல்லாத இந்தத் திறனின் தேவை கூடுகிறது.

ஆகவே ஆணையமும் லா சொசைட்டியும் தேர்வை இன்னும் இறுக்குவதால் பெரிய பயன் விளையும் என்று நான் நம்பவில்லை. செய்யக்கூடியவை சில உண்டு. கட்டணம் வாங்கி நடத்தும் புகலிட வழக்குக்கும் தனி அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கலாம். அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வருபவரிடம், தேர்வுத் தாளுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ, அவர் உண்மையில் தயாரித்த கோப்புகளில் சிலவற்றை அடையாளம் நீக்கிக் கேட்டு வாங்கி, முதல் நேர்காணல் பதிவையும் வாக்குமூலத்தையும் மறுப்புக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூத்த பணியாளர் ஒருவர் மதிப்பிடலாம். இலங்கைத் தமிழ்ப் பேச்சு வழக்கில் பழகிய மொழிபெயர்ப்பாளர்களைப் பணியாளர்களோடு சேர்த்தே பயிற்றலாம். இவை எல்லாவற்றையும்விட முந்தியது ஒன்றிருக்கிறது. இளையவர் எழுதிய வாக்குமூலத்தை மூத்தவர் உட்கார்ந்து வாசித்துத் திருத்தும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைச் சட்ட உதவி நிதி, கட்டணத்துக்குரிய வேலையாக, தனித் தலைப்பில் ஏற்க வேண்டும்.